அந்தச் சீட்டுல கவலை மீன் இல்ல

போன வருஷம் ஆவணி மாசம். பழவேற்காடு மார்க்கெட்டுல கீரைக்கட்டை இறக்கி வச்சுட்டு நிமிர்ந்தேன். அக்கா இடுப்புச் சொருகல்ல இருந்து நாலா மடிச்ச ஒரு காகிதத்தை எடுத்து என் கையில குடுத்தாங்க.

"தம்பி, நீ வெவசாயி தானே. இதுல பச்சையா ஒண்ணு கீது பாரு. இது நம்ம பக்கம் வெளையுமா?"

பிரிச்சுப் பார்த்தேன். சக்கரை வியாதிக்காரங்களுக்கு ஒரு ஆஸ்பத்திரியில குடுத்த சாப்பாட்டுச் சீட்டு. எந்த ஆஸ்பத்திரின்னு இங்க வேண்டாம். நல்ல வழுவழுப்பான தாள், கலர் அச்சு. நடுவுல ஒரு வெள்ளைத் தட்டு. தட்டுல பாதிக்கு ப்ரோக்கோலி, ஒரு ஓரமா ஆரஞ்சு நிறத்துல ஒரு மீன் துண்டு, கொஞ்சம் பழுப்பரிசி. தட்டைச் சுத்தி ஓட்ஸ் கிண்ணம், வால்நட், ஆலிவ் எண்ணெய் பாட்டில். கீழ தமிழ்ல சின்ன எழுத்துல நாலு வரி: வாரம் ரெண்டு முறை சால்மன் மீன், தினமும் ஒரு கப் ப்ரோக்கோலி, இப்படி.

அக்கா உக்காந்திருந்த இடத்துல அவங்க முன்னாடி ரெண்டு கூடை. ஒண்ணுல கவலை மீன், அப்பதான் கரைக்கு வந்தது, கண்ணு கலங்காம பளபளன்னு. இன்னொண்ணுல மடவையும் கொஞ்சம் கிழங்கானும்.

"இந்த ஆரஞ்சு மீனு எங்க கெடைக்கும்னு என் மவ கேட்டுப் பார்த்தா. கிலோ வெல கேட்டுட்டு போனையே வச்சுட்டா"ன்னு சிரிச்சாங்க. அப்புறம் சிரிக்காம சொன்னாங்க: "மூணு வாரமா நான் மீனே துன்றதில்ல தம்பி. சீட்டுல நம்ம மீனு எதுவுமே இல்ல. ஒத்துக்காதோ இன்னாவோன்னு உட்டுட்டேன்."

இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைப் பத்திதான்.

சென்னையில இருந்து படிக்கிறவங்களுக்கு இடத்தைச் சொல்லிடறேன். பொன்னேரியில இருந்து பழவேற்காடு வர்ற ரோட்டுல, திருப்பாலைவனம் பக்கம் நம்ம நிலம். அந்த ரோடு போய் முடியற இடத்துலதான் ஏரி. இந்தியாவுல சிலிகாவுக்கு அடுத்தபடியா பெரிய உவர்நீர் ஏரி. பாதிக்கு மேல ஆந்திராவுல இருக்கு. தெற்கு ஓரத்துல நம்ம பக்கத்துக் குப்பங்கள். டச்சுக்காரங்க நானூறு வருஷத்துக்கு முன்னாடி கட்டின கெல்டிரியா கோட்டையை ஒட்டி இருக்கறது கோட்டைக்குப்பம். கோட்டை இப்போ முள்ளுக்காடும் செங்கல் மேடும்தான். குப்பம் இருக்கு. அக்கா அந்தக் குப்பத்துக்காரங்க. வாரத்துல ரெண்டு நாள் நான் அங்க கீரை, கத்திரிக்காய், வெண்டைக்காய் கொண்டுபோவேன், வரும்போது மீன். பாதி காசு, பாதி மாத்துக்கு மாத்து. பன்னெண்டு வருஷமா நடக்கற கணக்கு. அதுல யாரு யாருக்கு பாக்கின்னு ரெண்டு பேருக்குமே தெரியாது.

அந்தக் குப்பத்துல ஏரியில இறால் பிடிக்கறதுக்கு 'பாடு'ன்னு ஒரு முறை இருக்கு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம்னு மூணு ஊரும் முறை வச்சு, எந்த இடத்துல எவன் வலை கட்டறதுன்னு சுத்தி சுத்தி வரும். நல்ல இடம் ஒருத்தனுக்கே போயிடக் கூடாதுங்கறதுக்காக முன்னோர்கள் பண்ணின ஏற்பாடு. ஆனா அந்தப் பாட்டுல விழற வெள்ளை இறால் எங்க போகுது தெரியுமா? கரைக்கு வந்த அரை மணி நேரத்துல ஐஸ் பெட்டிக்குள்ள. கல் நண்டுன்னா உயிரோட காலைக் கட்டி சிங்கப்பூர் வரைக்கும் போகும். பிடிச்ச வீட்டுச் சட்டியில அன்னைக்கு என்ன வேகுது? பல நாள் பிராய்லர் கோழி. இல்லன்னா கருவாடு. இதுல தப்பு சொல்ல நான் யாரு. நல்ல இறாலை வித்தாதான் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட முடியும்னா, யாரா இருந்தாலும் விக்கத்தான் செய்வாங்க. நானும் நல்ல கத்திரிக்காயை மார்க்கெட்டுக்கு அனுப்பிட்டு சொத்தையைத்தான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்.

சீட்டுக்கு வர்றேன்.

அந்தச் சீட்டை எழுதினவங்க கெட்டவங்க இல்ல. சொன்ன விஷயத்துலயும் பெரிய தப்பு இல்ல. கொழுப்புள்ள கடல் மீன் இதயத்துக்கு நல்லது, அதுல ஒமேகா 3 இருக்குன்னு சொல்றாங்க. சரி. அந்தக் கொழுப்பு சால்மன்ல மட்டுமா இருக்கு? கவலையில இருக்கு, மத்தியில இருக்கு, காணாங்கத்தையில இருக்கு. சின்ன மீனை முள்ளோட மென்னு தின்னா கால்சியம் கூடுதல். கடல்ல மிதக்கற நுண்ணுயிரைத் தின்னு வளர்ற சின்ன மீனுங்கறதால, பெரிய மீன்ல சேர்ற அளவுக்குப் பாதரசம் அதுல சேராது. அக்கா கூடையில இருந்ததும் சீட்டுல இருந்ததும் உடம்புக்குள்ள போனா கிட்டத்தட்ட ஒரே வேலைதான் பண்ணும். ஒண்ணு நார்வேயில இருந்து பிளேன்ல வரும். இன்னொண்ணு கோட்டைக்குப்பத்துல இருந்து தலைச்சுமையா வரும். அவ்வளவுதான்.

(நம்ம ஊரு காலா மீனை இப்போ ஆன்லைன்ல 'இந்தியன் சால்மன்'னு விக்கறாங்க. அக்காகிட்ட சொன்னேன். "அப்ப நாளைல இருந்து நானும் அப்டியே கூவறேன், அம்பது ரூபா ஏத்தி விக்கலாம்"னாங்க.)

எனக்குக் கோவம் எங்க வந்துதுன்னா, அந்தச் சீட்டைக் குடுக்கும்போது ஒரு ஆள் கூட, "அம்மா, நீங்க என்ன சாப்பிடறீங்க?"ன்னு கேக்கல. நான் கேட்டேன். கேட்டா தானே தெரியும். விடியக்காலை மூணு மணிக்கு எழுந்து ஒரு டீ, கரையில மீன் ஏலம் எடுக்கும்போது ஒரு டீ, மார்க்கெட்டுல ரெண்டு. நாலுலயும் சக்கரை தூக்கலா. கூட ரெண்டு பன்னு. பத்து மணிக்குக் கடை இட்லி. மூணு மணிக்கு வீட்டுக்குப் போய் ஒரு மேடு சோறு, புளி கரைச்ச குழம்பு. ராத்திரி அதே சோறு, அதே குழம்பு. காய்? "கொழம்புல தக்காளி போடுவோமே." கீரை? "நீ குடுக்கறது மவளுக்கு அனுப்பிடுவேன், அவளுக்குப் புள்ளத்தாச்சி ஒடம்பு." மீன் வித்து மிஞ்சினா தின்பாங்க, மிஞ்சலன்னா கருவாடு. அவங்களுக்கு சக்கரை மட்டும் இல்ல, பிரஷரும் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ உப்பு போதும்னு சொல்லுது. ஒரு பெரிய கருவாட்டுத் துண்டு இருந்தா அன்னைக்குக் கணக்கு எங்க போய் நிக்கும்னு பார்த்துக்கங்க.

ஆக, அவங்க சாப்பாட்டுல கெடுதல் எதுன்னா நாலு டீ, ரெண்டு வேளை மேடு சோறு, கருவாட்டு உப்பு. நல்லது எதுன்னா மீன். சீட்டு வந்தப்புறம் என்ன ஆச்சு? நல்லதை நிறுத்திட்டாங்க, கெடுதல் எல்லாம் அப்படியே இருக்கு. கூடவே ரெண்டு கிலோ ஓட்ஸ். அதைக் கஞ்சி மாதிரி காய்ச்சி, வாய்க்கு ருசியா இருக்கணும்னு சக்கரை போட்டுக் குடிச்சிருக்காங்க!

மவ ஒரு தடவை சென்னையில இருந்து ஒரு ப்ரோக்கோலி பூ வாங்கிட்டு வந்திருக்கு. எண்பது ரூபாயாம். அதை வெறும் தண்ணியில வேக வச்சு, உப்பு கூட போடாம, "மூச்சைப் புடிச்சிக்கினு முழுங்கினேன்"னாங்க அக்கா.

இந்த மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முழுங்கற விஷயம் உங்க ஊர்லயும் நடக்குதுன்னு எனக்குத் தெரியும். என் மச்சான் வீடு அண்ணா நகர்ல. அங்க ஃப்ரிட்ஜுல எப்பவும் ஒரு ப்ரோக்கோலி இருக்கும். பாதி நாள் அது மஞ்சளாப் போய் குப்பைக்குத்தான் போகும். ஆனாலும் அடுத்த வாரம் திரும்ப வாங்குவாங்க. அது இருக்கறதே ஒரு நிம்மதி போல. சனிக்கிழமை ராத்திரி பரோட்டா தின்னுட்டு ஞாயித்துக்கிழமை ப்ரோக்கோலி சூப் குடிச்சா சரியாப் போச்சுங்கற கணக்கு. நம்ம தாத்தா பாட்டிங்க ஏகாதசி விரதம் இருந்ததுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. ருசியா இருந்தா அது உடம்புக்கு ஆகாது, வாய்க்கு விளங்காம இருந்தா அது நல்லதுன்னு ஒரு நம்பிக்கை எப்படியோ நமக்குள்ள வந்துடுச்சு.

அமெரிக்காவுல இந்தக் காயை வச்சு ஒரு பெரிய கூத்தே நடந்திருக்கு. 1990ல ஜார்ஜ் புஷ், அதாவது பெரிய புஷ், ஜனாதிபதியா இருந்தப்போ தன் விமானத்துல இனிமே ப்ரோக்கோலி சமைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. சின்ன வயசுல அம்மா கட்டாயப்படுத்தித் தின்ன வச்சாங்க, இப்போ நான் ஜனாதிபதி, இனிமே தின்ன மாட்டேன்னு பத்திரிகைக்காரங்க முன்னாடியே சொன்னாரு. கலிபோர்னியா விவசாயிங்க சும்மா இருப்பாங்களா, லாரி லாரியா ப்ரோக்கோலியை வாஷிங்டனுக்கு அனுப்பி வச்சாங்க. விவசாயின்னா அப்படி இருக்கணும்! எனக்கு அந்த மனுஷன் மேலயும் கோவம் இல்ல. சிலருக்குப் பிறவியிலயே நாக்குல கசப்பு தூக்கலாத் தெரியும், அது பரம்பரையா வர்ற சமாச்சாரம்னு விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சிருக்காங்க. அதோட இந்த முட்டைக்கோஸ் வகையறா எல்லாமே அதிகம் வெந்தா கந்தக வாசனை அடிக்கும். அம்மா குழைய வேக வச்சுக் குடுத்தா எந்தப் பிள்ளைதான் தின்னும்.

நான் ப்ரோக்கோலிக்கு எதிரி இல்லன்னு இங்கயே சொல்லிடறேன். இல்லன்னா நாளைக்கு யாராவது இதை எடுத்து, "பாத்தீங்களா, பாரம்பரியமே சிறந்தது"ன்னு வாட்ஸப்புல சுத்த விட்டுடுவாங்க. அந்தக் கும்பல் மேலயும் எனக்குக் கடுப்புதான். அன்னியக் காய் வேண்டாம்னு ஆரம்பிச்சா முதல்ல மீன் குழம்புல இருந்து தக்காளியை எடுக்கணும், மிளகாயை எடுக்கணும். ரெண்டும் அமெரிக்கக் கண்டத்துல இருந்து கப்பல் ஏறி வந்ததுங்க. உருளைக்கிழங்கும் அப்படித்தான். காலிஃபிளவரும் முட்டைக்கோசும் ஐரோப்பாவுல இருந்து வந்தது. ப்ரோக்கோலி அந்த ரெண்டுக்கும் கூடப் பொறந்த தம்பி, செடி சாஸ்திரப்படி மூணும் ஒரே இனம். அண்ணன் ரெண்டு பேரும் வந்து குருமாவுலயும் பொரியல்லயும் உக்காந்துட்டாங்க. தம்பி இப்பதான் வந்திருக்கான், அதனால சட்டை கசங்காம நிக்கறான்.

அதனாலதான் அக்கா கேட்டதும் போட்டுப் பார்க்கலாம்னு தோணுச்சு.

புரட்டாசியில நாத்து விட்டேன். குழித்தட்டுல இருநூறு விதை. ப்ரோக்கோலி குளிர் தேசத்துக் காய். நீலகிரியில சும்மா வரும். நம்ம கடலோரத்துல கார்த்திகை, மார்கழி, தைன்னு மூணு மாசம்தான் அதுக்குக் கொஞ்சமாவது மூச்சு விட முடியும். நாத்து வந்தது. ஐப்பசி மழையில நாப்பது அழுகிப் போச்சு. மீதியை மேட்டுப்பாத்தியில நட்டேன். மார்கழி வரைக்கும் இலை நல்லா நீலம் பூத்த மாதிரி அழகா இருந்துச்சு. பக்கத்து நிலத்துக்காரர் வந்து, "என்னய்யா, கோசு மூடவே இல்ல"ன்னு துக்கம் விசாரிச்சாரு. அப்புறம் புழு. வைர முதுகு அந்துப்பூச்சின்னு ஒண்ணு, கோஸ் வகைக்கே பிடிச்ச சனியன். இலையைச் சல்லடையா ஆக்கிடும். நான் வேப்பங்கொட்டைக் கரைசல் அடிச்சு, மீதியைக் கையால பொறுக்கினேன். பெரிய அளவுல பண்றவங்க கையால பொறுக்கிட்டு இருக்க முடியுமா? நீங்க அழகான பூவைத்தான் எடுப்பீங்கன்னு அவங்களுக்குத் தெரியும். அதனால வீட்டுல வாங்கினா பூவைச் சின்னதா பிச்சு, உப்பும் மஞ்சளும் போட்ட வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிஷம் போட்டு அலசிட்டு சமைங்க. மருந்து முழுக்கப் போகும்னு சொல்ல மாட்டேன், புழுவாவது வெளிய வரும்.

தை பொங்கல் கழிச்சு அறுத்தேன். பெரிய பூ உள்ளங்கை அளவு, சின்னது எலுமிச்சம்பழ அளவு. மொத்தம் தொண்ணூறு செடியில பன்னெண்டு கிலோ தேறியிருந்தா ஜாஸ்தி. பாதி செடியில ரெண்டு நாள் வெயில் ஏறினதும் மொட்டெல்லாம் விரிஞ்சு மஞ்சப் பூவாயிடுச்சு. நாம தின்றதே அந்த விரியாத மொட்டைத்தான். விரிஞ்சுட்டா தேனீக்குத்தான்.

ரெண்டு கிலோ அக்காவுக்குக் கொண்டுபோனேன். இலையையும் கட்டிக் குடுத்தேன், அதையும் கீரை மாதிரி பொரியல் பண்ணலாம். அக்கா பூவை மோந்து பார்த்தாங்க, திருப்பிப் பார்த்தாங்க. இந்தத் தடவை தண்ணியில வேக வைக்க விடல. "காலிஃபிளவர் மாதிரிதான், உங்க கைப்பக்குவத்துல பண்ணுங்க"ன்னேன். வெங்காயம், பூண்டு, கொஞ்சம் மொளகு, நுனி உடைஞ்சு விலை போகாத இறால் ஒரு கைப்பிடி. இரும்புச் சட்டியில அஞ்சே நிமிஷம். நான் சாப்பிட்ட ப்ரோக்கோலியில அதுதான் ஒசத்தி, அண்ணா நகரை எல்லாம் சேர்த்துச் சொல்றேன். அக்கா ரெண்டு வாய் தின்னுட்டு சொன்ன தீர்ப்பு: "காலிபிளவரு பச்சையாப் போனா மாரி கீது. கொறை ஒண்ணும் இல்ல. ஆனா இதுக்குப் போயி எம்பது ரூவாயா?"

சீட்டுல இருந்த ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். தட்டுல பாதி காய் இருக்கணும்னு போட்டிருந்தது நியாயம்தான். ஹைதராபாத்துல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாசம் வெளியிட்ட வழிகாட்டியிலயும் ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம்னு இருக்கு. நம்ம நாட்டு மொத்த நோய்ச்சுமையில 56.4 சதவீதம் தப்பான சாப்பாட்டால வர்றதுன்னும் அதுல கணக்கு போட்டிருக்காங்க. சென்னையில இருக்கற சக்கரை நோய் ஆராய்ச்சிக்காரங்களும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து 2023ல வெளியிட்ட ஆய்வுல நாட்டுல 10 கோடி பேருக்கு மேல சக்கரை நோய். பட்டணத்து வியாதின்னு ஒரு காலத்துல சொன்னாங்க. இப்போ குப்பத்துல நாலு வீட்டுக்கு ஒரு வீட்டுல மாத்திரை டப்பா பார்க்கறேன். 2021ல 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தப்புறம் மாத்திரை வீட்டுக்கே வருது, அது நல்ல காரியம், மறுக்க மாட்டேன். மாத்திரை வர்ற அந்தப் பையில சோத்தைப் பத்தி ஒரு வார்த்தையும் சேர்ந்து வந்தா நல்லா இருக்கும்.

குப்பத்துல காய் தின்றது உண்மையிலயே கம்மி. அது சோம்பேறித்தனம் இல்ல. மண்ணு உப்பு, தண்ணி உப்பு. வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு அவரைக்கொடி போடலாம்னா முளைக்காது. காய் எல்லாம் கோயம்பேட்டுல இருந்து பஸ் ஏறி வாடி வதங்கி வந்து சேரும், விலை உங்க ஊரை விட ஜாஸ்தி. ரேஷன்ல அரிசி சும்மா கிடைக்குது, பாமாயில் மலிவு. காய்க்கு ரேஷன் உண்டா? அப்போ தட்டுல எது மேடாகும்?

அந்த உப்பு மண்ணுலயும் வளர்ற ஒண்ணு இருக்கு. உமரிக்கீரை. ஏரிக்கரையில தானா கிடக்கும், குண்டு குண்டா சின்ன இலை. நல்லாக் கழுவி ஒரு தடவை வேக வச்சு தண்ணியைக் கொட்டிட்டு, பருப்பு போட்டுக் கடைவாங்க. அக்காவோட மாமியார் காலத்துல சாதாரணமாத் தின்னது. "பஞ்சத்துல தின்ற கீரைன்னு பேரு வந்துடுச்சு, அதான் உட்டுட்டோம்"னாங்க. மேல்நாட்டுல இதே மாதிரி உப்பங்கழிச் செடியைக் கடல் அஸ்பாரகஸ்னு பேர் வச்சு பெரிய ஓட்டல்ல மீனுக்குப் பக்கத்துல அலங்காரமா வைக்கறாங்க. அதுல உப்பு உண்டு, பிரஷர்காரங்க ஜாக்கிரதையா இருக்கணும். அதனால நான் அக்காவை அதைத் தின்னுங்கன்னு சொல்லல. ஏழை தின்னா பஞ்சக்கீரை, அதையே பெரிய ஓட்டல்ல வச்சா அஸ்பாரகஸ்ங்கற கூத்துக்காகச் சொன்னேன்.

முருங்கைக்கீரை கதையும் இதுதான். ப்ரோக்கோலியில 100 கிராமுக்குக் கால்சியம் 50 மில்லிகிராம் கூட வராது. முருங்கைக்கீரையில 300க்கு மேல. என் வரப்புல ஏழு மரம் நிக்குது, ஆடு தின்னது போக மிச்சம். அதைக் கட்டு பத்து ரூபாய்க்குக் கூவினா, "ஆயற வேலை யாரு பாக்கறது"ம்பாங்க. அதையே காய வச்சு அரைச்சு டப்பாவுல போட்டு 'மோரிங்கா பவுடர்'னு எழுதினா ஆன்லைன்ல வாங்கிப் பால்ல கலக்கிக் குடிக்கறீங்க. குடிங்க, நான் வேண்டாங்கல. கீரை ஆயற அந்த இருபது நிமிஷம்தான் உங்களுக்கும் எனக்கும் நடுவுல நிக்கற பிரச்சினைன்னு எனக்குப் புரியுது. ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுல யாரு உக்காந்து ஆயறது? ப்ரோக்கோலியைக் கத்தியால நாலு வெட்டு வெட்டினா முடிஞ்சுது. அது ஜெயிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம், யாரும் சொல்றதில்ல.

ஆரோக்கியச் சாப்பாடு பேசறவங்க யாரும் இந்தப் பக்கம் திரும்பாத இன்னொரு விஷயமும் இருக்கு. மீன் நல்லது, வாரம் ரெண்டு தடவை தின்னுங்கன்னு சொல்றாங்க. அந்த மீன் எங்க இருந்து வரணும்? இறால் கடல்ல முட்டை போடும், குஞ்சு முகத்துவாரம் வழியா ஏரிக்குள்ள வந்து வளரும். முகத்துவாரத்துல மணல் ஏறி அடைச்சுக்கிட்டா குஞ்சு உள்ள வராது, ஏரித் தண்ணி வத்தும், படகும் போகாது. அந்த மணலோட இந்த ஊரு சனங்க பல வருஷமா மல்லுக்கட்டறாங்க. பழவேற்காட்டுக்கு ஞாயித்துக்கிழமை வந்து படகுல பூநாரை பார்த்துட்டு வறுத்த இறால் தின்னுட்டுப் போறவங்க கொஞ்சம் இதையும் கேட்டுட்டுப் போங்க. உங்க டயட்டீஷியன் எழுதற ஒமேகா 3க்கு இங்க ஒரு வாசல் இருக்கு, அது அடிக்கடி அடைபடுது.

அக்கா விஷயத்துல நான் பயந்தது வேற ஒண்ணுக்கு. அவங்க இடது கால்ல சிப்பி கிழிச்ச புண்ணு ஒண்ணு, ரெண்டு மாசமா ஆறல. அந்தக் காலோடதான் விடியக்காலை ஈர மணல்ல நிப்பாங்க, மீன் தண்ணியில நிப்பாங்க, செருப்பு இல்லாம. சக்கரைக்காரங்க கால்ல புண்ணு வந்தா என்ன ஆகும்னு எங்க ஊர்லயே ரெண்டு பேரைப் பார்த்திருக்கேன். ஒருத்தருக்கு விரல் போச்சு, இன்னொருத்தருக்கு முட்டிக்குக் கீழ. அந்த வழுவழுத் தாள்ல ஆலிவ் எண்ணெய்க்கு இடம் இருந்தது. காலைப் பத்தி ஒரு வரி இல்ல.

அன்னைக்கு மார்க்கெட்டுலயே உக்காந்து, சீட்டுக்குப் பின்னாடி வெள்ளையா இருந்த பக்கத்துல பால்பாயிண்ட் பேனாவால நான் எழுதிக் குடுத்தேன். நான் டாக்டர் இல்ல. அதனால ஆரம்ப சுகாதார நிலையத்துல இருக்கற நர்சம்மாகிட்ட அக்காவைக் கூட்டிட்டுப் போய், அவங்க திருத்தினப்புறம்தான் வச்சுக்கிட்டோம். டீ ரெண்டு, சக்கரை இல்லாம. மத்தியானச் சோறு ஒரு கரண்டி கம்மி, அந்த இடத்துல கீரை. கவலையோ நெத்திலியோ வாரம் மூணு நாள், குழம்புல, பொரிக்காம. கருவாடு மாசத்துக்கு ரெண்டு தடவை. ராத்திரி கேழ்வரகுக் களின்னு நான் எழுதினேன். நர்சம்மா, "அளவு ஜாஸ்தியானா அதுவும் சக்கரையை ஏத்தும்"னு சொல்லி ஒரு சின்ன உருண்டைன்னு திருத்தினாங்க. அது எனக்கே தெரியாது, சிறுதானியம்னா எவ்வளவு வேணாலும் தின்னலாம்னு நானும்தான் நெனச்சிட்டு இருந்தேன். கடைசியா நர்சம்மா பெரிய எழுத்துல எழுதினது: செருப்பு. அன்னைக்கே புண்ணுக்குக் கட்டும் போட்டு அனுப்பினாங்க.

புண்ணு தீபாவளிக்குள்ள ஆறிடுச்சு. சக்கரை இறங்கியிருக்கு, ஆனா இன்னும் இருக்க வேண்டிய இடத்துக்கு வரல. டீ ரெண்டுன்னு சொல்றாங்க, மூணாவது எனக்குத் தெரியாம நடக்குதுன்னு பக்கத்துல உக்கார்றவங்க காட்டிக் குடுத்துட்டாங்க. பழைய மீன் டிரம்ல நம்ம நிலத்து மண்ணை நிரப்பி ஒரு முருங்கைப் போத்து நட்டுக் குடுத்தேன், தழைஞ்சிருக்கு. ப்ரோக்கோலி இந்த வருஷம் போடல. விதை அரை பாக்கெட் மிச்சம் இருக்கு, மொட்டை மாடியில தோட்டம் போடறவங்க யாராவது கேட்டா அனுப்பறேன். ஐப்பசிக்குள்ள கேளுங்க.

போன வாரம் கீரை இறக்கும்போது அக்கா வழக்கமா எடுக்கற பத்துக் கட்டுக்குப் பதிலா பன்னெண்டு எடுத்து வச்சாங்க. ரெண்டு எதுக்குன்னேன்.

"பக்கத்துக் கூடைக்காரிக்கு"ன்னு தலையை ஆட்டிக் காட்டினாங்க. "அவளுக்கும் சீட்டு குடுத்துட்டானுங்க."